முன்னாள் மாணவியர் குழு: வாழ்த்துப் படங்களைத் தாண்டி என்ன செய்யலாம்? (கோலாலம்பூர் என்ற கே.எல்., பினாங்கு)

செந்தூல் மல்லி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எங்கள் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த தமிழ்ப் பெண்களுக்கென்று ஒரு புலன (வாட்ஸ்அப்) குழு இருக்கிறது. தொண்ணூறுகளில் பட்டம் வாங்கியவர்கள் முதல் போன வருடம் மேலங்கி போட்டுப் படம் எடுத்தவர்கள் வரை எல்லாரும் உண்டு. எண்ணிக்கையைப் பார்த்தால் பெருமையாகத்தான் இருக்கும். உள்ளே போனால் காலை வணக்கம், வெள்ளிக்கிழமை அம்மன் படம், பிரிக்பீல்ட்ஸில் சேலைத் தள்ளுபடி, இடையிடையே காப்புறுதி விற்பனை.

போன மாதம் ஒரு தங்கச்சி எழுதினாள்: "ஒப்பந்தம் முடிந்துவிட்டது, ஷா ஆலாம், கிள்ளான் பக்கம் கணக்கியல் வேலை ஏதும் இருந்தால் சொல்லுங்கள் அக்கா." அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். "கவலைப்படாதேம்மா, கடவுள் இருக்கிறார்" என்று ஒருவர். அடுத்து யாரோ முறுக்கு ஆர்டர் எடுக்க ஆரம்பித்துவிட்டார். கணக்காய்வு நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் எனக்குத் தெரிந்தே அந்தக் குழுவில் இருக்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒன்று, செய்தியைப் பார்த்திருக்க மாட்டார்கள். இல்லையென்றால், தன்னைத்தான் கேட்கிறாள் என்று தோன்றியிருக்காது.

நானும் இன்னும் சில பேரும் இதைக் கொஞ்சம் உருப்படியாக மாற்ற நினைக்கிறோம். சங்கமாகப் பதிவு செய்வது நல்லதா? பிள்ளை பெற்று நாலைந்து வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலை தேடும் பெண்களுக்கு ஒரு குழுவால் நிஜமாகவே என்ன செய்ய முடியும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். தயவுசெய்து "ஓட்டலில் ஒரு விருந்து வைக்கலாம்" என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள்.

---

பி.ஜே. கணக்குப்பிள்ளை

பதிவு விஷயத்தை நான் சொல்கிறேன், தினமும் பார்க்கிற வேலை.

மலேசியாவில் சங்கம் என்றால் 1966 சங்கச் சட்டத்தின் கீழ் சங்கப் பதிவிலாகாவில் பதிய வேண்டும். குறைந்தது 7 பேர் கொண்ட செயலவை, சட்டவிதிகள், நோக்கம், முகவரி எல்லாம் வேண்டும். பதிவது பெரிய காரியம் இல்லை, இப்போது எல்லாம் இணையத்திலேயே. அதற்கப்புறம்தான் கதை. வருடா வருடம் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும். கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் செயலவைப் பெயர்ப் பட்டியல், கணக்கு எல்லாவற்றையும் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். முதல் இரண்டு வருடம் ஒழுங்காக நடக்கும். மூன்றாம் வருடம் செயலாளருக்குக் கல்யாணம், பொருளாளர் சிங்கப்பூர் போய்விடுவார், கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்றே தெரியாது. பதிவு ரத்தாகும்.

என் கருத்து: சந்தா வசூலித்து, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு திறந்து, உபகாரச் சம்பளம் (கல்வி உதவித்தொகை) கொடுக்கப் போகிறீர்கள் என்றால் பதிவு செய்தே ஆகவேண்டும். சட்டத்தில் 7 பேரும் அதற்கு மேலும் சேர்ந்த எந்த அமைப்பும் சங்கம் என்ற கணக்கில்தான் வரும், தற்காலிகமாகச் சேர்ந்தாலும் சரி. அதனால் பெயர் வைத்து, தலைவி போட்டு, பணம் வசூலித்துவிட்டு "நாங்கள் சும்மா தோழிகள்" என்று சொல்ல முடியாது. அப்படி எதுவும் வேண்டாம் என்றால், ஏற்கெனவே பதிவில் இருக்கும் உங்கள் முன்னாள் மாணவர் சங்கத்தின் கீழே ஒரு மகளிர் பிரிவாக இயங்கலாம். தணிக்கை, ஆண்டறிக்கைத் தலைவலி எல்லாம் அவர்களுடையது. பதிலுக்கு அவர்கள் விருந்துக்கு நீங்கள் மேசை வாங்க வேண்டிவரும், அது வேறு விஷயம்.

---

சும்மா ஒரு தம்பி

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்னாள் மாணவர் சங்கம் எல்லாருக்கும்தானே இருக்கிறது? பெண்களுக்கு மட்டும் தனியாக எதற்கு? இப்போது பொதுப் பல்கலைக்கழகங்களில் பெண்கள்தான் பெரும்பான்மை. எங்கள் வகுப்பில் பையன்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

---

குளுகோர்க்காரி

தம்பி, கேள்வி நியாயம்தான். படிக்கும்போது பெண்கள் அதிகம், உண்மை. ஆனால் வேலைச் சந்தைக்கு வந்தால் கணக்கு தலைகீழ். இந்நாட்டில் வேலை செய்யும் வயதுள்ள பெண்களில் வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்து சுமார் 56 விழுக்காடு. ஆண்களில் 80க்கு மேல். வாங்கிய பட்டம் எங்கேயோ இடையில் அலமாரிக்குப் போய்விடுகிறது.

நான் மனிதவளத்தில் இருக்கிறேன், பினாங்கில். கலப்புக் குழுக்களிலும் இருக்கிறேன். அங்கே யாரும் கேட்காத கேள்விகள் சில உண்டு. "புரொபேஷனில் இருக்கிறேன், மூன்று மாதக் கர்ப்பம், இப்போது சொல்லலாமா?" இதை முன்னூறு பேர் உள்ள கலப்புக் குழுவில், தன் மேலாளரும் இருக்கிற இடத்தில், எந்தப் பெண் கேட்பாள்? எனக்குத் தனியாகத்தான் வரும், இரவு 11 மணிக்குமேல்.

இதற்குப் பதில் தெரியாமலே எத்தனையோ பேர் ராஜினாமா கடிதம் கொடுத்துவிடுகிறார்கள். 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 60 நாளில் இருந்து 98 நாள் ஆகிவிட்டது. அந்த நாள்களுக்குச் சம்பளம் வேண்டுமென்றால் பிரசவத்துக்கு முந்திய 9 மாதத்தில் குறைந்தது 90 நாளாவது அந்த முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும், கடைசி 4 மாதத்தில் வேலையில் இருந்திருக்க வேண்டும். இதைத் தேதி போட்டு எண்ணிப் பார்த்தாலே பாதிப் பயம் போய்விடும். கர்ப்பம் என்ற காரணத்துக்காக வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது. நெகிழ்வான வேலை நேரம் கேட்டு எழுத்தில் விண்ணப்பித்தால் முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணமும் எழுத வேண்டும். எழுத்தில் கேட்டவர்கள் மிகக் குறைவு. வாயால் கேட்டு, வாயாலேயே "பார்க்கலாம் லா" என்று கேட்டுவிட்டுத் திரும்பியவர்கள்தான் அதிகம்.

பாலியல் தொல்லைக்கு இப்போது தனித் தீர்ப்பாயமே இருக்கிறது, 2022 சட்டத்தின் கீழ். வழக்கறிஞர் இல்லாமல் நேரடியாகப் புகார் கொடுக்கலாம், இழப்பீடு 250,000 ரிங்கிட் வரை உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. இதையும் கலப்புக் குழுவில் கேட்க மாட்டார்கள்.

தனிக் குழு என்பதால் உங்களுக்கு எதிரான குழு இல்லை தம்பி. உங்கள் அக்கா, தங்கச்சி வந்து கேட்கிற இடம், அவ்வளவுதான்.

---

சும்மா ஒரு தம்பி

சரி அக்கா, ஒத்துக்கொள்கிறேன். அந்த 90 நாள் கணக்கு என் அண்ணிக்கே தேவைப்படும், அனுப்பிவிட்டேன்.

---

பழைய மாணவி

பிள்ளைகளே, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. எழுபதுகளின் தொடக்கத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையில் படித்தேன். அந்தத் துறை 1956-இல் சிங்கப்பூரில் தொடங்கி, 1959-இல் கோலாலம்பூருக்கு வந்தது. நான் போனபோது 1966-இல் இங்கே நடந்த முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைப் பற்றிப் பேசாத ஆள் துறையில் கிடையாது. ஆனால் சொல்ல வந்தது அது இல்லை.

படித்து முடித்ததும் எனக்குக் கிழக்குக் கரையில் கிளந்தான் மாநிலத்தில் வேலை போட்டார்கள். கிரிக் வழியாகப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982-இல்தான் திறந்தது, எங்கள் காலத்தில் கிடையாது. இருபத்து மூன்று வயதுப் பெண்ணைத் தெரியாத ஊருக்கு அனுப்ப மாட்டேன் என்று அப்பா ஒரே பிடிவாதம். எனக்கு இரண்டு வருடம் முன்னால் படித்த ஓர் அக்கா அங்கே கோத்தா பாருவில் ஏற்கெனவே ஆசிரியையாக இருந்தார். துறையில் விசாரித்து முகவரி வாங்கிக் கடிதம் போட்டேன். பதில் வந்தது. வீட்டு வாடகை எத்தனை வெள்ளி, உடன் தங்குவது யார், ரயில் நிலையத்துக்கு யார் வருவார், எங்கே தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன, ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார். கடைசி வரி அப்பாவுக்கு: "ஐயா, என் அப்பாவும் இப்படித்தான் பயந்தார், உங்கள் மகளுக்கு நான் பொறுப்பு." அந்த ஒரு வரிதான் என்னை வேலைக்கு அனுப்பியது. அந்த அக்காவை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது: உலகத்தில் பட்டதாரிப் பெண்களின் பெரிய சம்மேளனம் 1919-இல் தொடங்கியதும் இப்படி ஓர் எண்ணத்தில்தான். முதல் உலகப்போர் முடிந்த நேரம். இங்கிலாந்தில் இருந்து கெரோலின் ஸ்பர்ஜன், ரோஸ் சிட்ஜ்விக் என்ற இரண்டு ஆசிரியைகள் அமெரிக்காவுக்குக் கல்விக் குழுவோடு போகிறார்கள். நியூயார்க்கில் பார்னர்ட் கல்லூரித் தலைவி வர்ஜீனியா கில்டர்ஸ்லீவைச் சந்திக்கிறார்கள். பல நாட்டுப் பட்டதாரிப் பெண்களை ஒன்றாக இணைக்க வேண்டும் என்ற பேச்சு அங்கேதான் பிறந்தது. ரோஸ் சிட்ஜ்விக் அந்தப் பயணத்திலேயே காய்ச்சலில் இறந்துபோனார், 1918-இல் உலகத்தையே உலுக்கிய அந்தச் சளிக்காய்ச்சல். மற்ற இருவரும் விடவில்லை. உறுப்பினர்கள் பிறகு லண்டனில் கிராஸ்பி ஹால் என்ற பழைய கட்டடத்தை ஒட்டி ஒரு விடுதியே கட்டினார்கள், வெளிநாட்டில் இருந்து ஆராய்ச்சிக்கு வரும் பெண்கள் பத்திரமாகத் தங்குவதற்கு. முப்பதுகளில் நாஜிகளுக்குப் பயந்து ஓடிவந்த பெண் ஆய்வாளர்களுக்கு அடைக்கலமும் உதவித்தொகையும் தேடிக் கொடுத்தார்கள். அந்தச் சம்மேளனம் இன்னும் ஜெனீவாவில் இயங்குகிறது. 2015-இல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

ஜெனீவா வரைக்கும் ஏன் போகிறேன் என்றால், பெரிய மாநாட்டுத் தீர்மானங்கள் எனக்கு நினைவில் நிற்கவில்லை. தங்க ஓர் அறை, வேலைக்கு ஒரு வழி, அறிமுகத்துக்கு ஒரு கடிதம் இருந்ததா, அதைத்தான் பார்க்கிறேன்.

---

செந்தூல் மல்லி

டீச்சர், உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் குழுவில் இருப்பவர்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பெயர், எண், இத்தனைதான். யார் எந்த ஊரில் இருக்கிறார், என்ன வேலை என்று யாருக்குமே தெரியாது. கோத்தா பாருவில் யார் இருக்கிறார் என்று இன்றைக்குக் கேட்டால் எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியாது.

---

பாயான் லெப்பாஸ் பொறியாளர்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் நான் அந்த வழியாக வந்தவள்.

என் அம்மா பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஆப்பரேட்டர். 1972-இல் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்த பிறகு எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு பெண் அந்த வேலையில் இருப்பார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் எட்டு மணி நேரம் கழித்துத்தான் எடுப்பார்கள். அந்தச் சம்பளத்தில் படித்து நான் பொறியாளர் ஆனேன். இரண்டாவது பிள்ளைக்கு அப்புறம் வேலையை விட்டேன். மாமியாருக்கு உடம்பு சரியில்லை, குழந்தைப் பராமரிப்பு மையத்துக்குக் கொடுக்கும் பணமும் என் சம்பளத்தில் பெரிய பங்கு. வீட்டில் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் "வேலையில் இரு" என்றும் யாரும் சொல்லவில்லை.

திரும்பி வர நினைத்தபோது பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டார்கள். ரெஸ்யூமில் அந்த இடைவெளியை எப்படி மறைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். என் பல்கலைக்கழகத்துச் சீனியர் அக்கா ஒருவர், சோதனைப் பொறியியல் பிரிவில் மேலாளர், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் மாதிரி நேர்முகம் நடத்தினார். முதல் கேள்வியே: "கடைசியாக நீ கையால் தொட்ட டெஸ்டர் எது? அதில் எழுதிய புரோகிராமில் ஒரு பிரச்சினையைச் சொல்லு." நான் திணறினேன். குடும்பம், பிள்ளைகள் என்று ஆரம்பித்தேன். அவர் நிறுத்திவிட்டார். "உன் வீட்டுக் கதையை யாரும் கேட்கவில்லை. இடைவெளியை ஒரே வரியில் சொல்லு, எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, குடும்பப் பொறுப்பு, முற்றுப்புள்ளி. மன்னிப்புக் கேட்கிற மாதிரி பேசாதே. மிச்ச நேரம் முழுக்க வேலையைப் பற்றிப் பேசு." அப்புறம் பழைய சகா ஒருவரைப் பிடித்து இப்போது தளத்தில் எந்த மென்பொருள் ஓடுகிறது என்று கேட்டு, அதன் பயிற்சிக் காணொளிகள் இருக்கும் இடத்தையும் சொன்னார்.

வேலை வாங்கித் தரவில்லை. அவர் நிறுவனத்தில் அப்போது இடமும் இல்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் நான் அடுத்த நேர்முகத்துக்குப் போயிருக்கவே மாட்டேன்.

வரி விஷயம் பலருக்குத் தெரியாது: இரண்டு வருடமோ அதற்கு மேலோ வேலையை விட்டுவிட்டுத் திரும்பும் பெண்களுக்குத் தொடர்ந்து 12 மாதம் வரை சம்பளத்துக்கு வருமான வரி விலக்கு கிடைக்கும். 2018 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தது. தானாகக் கிடைக்காது, டேலண்ட்கார்ப் என்ற அரசு நிறுவனம் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். நிபந்தனைகளும் காலக்கெடுவும் அவ்வப்போது மாறும், வேலையில் சேர்வதற்கு முன்பே அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

நேரில் பார்த்தவன்

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. நடக்கப்போவதை நான் சொல்கிறேன். முதல் கூட்டத்தில் தலைவி யார் என்று சண்டை. இரண்டாவது கூட்டத்தில் சின்னம் எந்த நிறம் என்று சண்டை. மூன்றாவது கூட்டத்துக்கு டத்தோ பட்டம் வாங்கிய ஒருவர் வருவார், குத்துவிளக்கு ஏற்றுவார், பொன்னாடை போர்த்துவார்கள், ஏற்பாட்டாளர் நன்றி சொல்லி முடிக்கும்போது மீகூன் ஆறிப்போயிருக்கும். படம் முகநூலில் வரும். வேலை கேட்ட பெண் பின்வரிசையில் மேசைக்குத் தண்ணீர் போத்தல் அடுக்கிக்கொண்டிருப்பாள்.

---

பி.ஜே. கணக்குப்பிள்ளை

மேலே உள்ளவருக்கு: சிரித்துவிட்டேன், ஏனென்றால் அந்தக் கணக்குப் புத்தகத்தை நான் தணிக்கை செய்திருக்கிறேன். எந்தச் சங்கம் என்று சொல்ல மாட்டேன். மண்டபம், ஒலிபெருக்கி, பொன்னாடை, மாலை, நினைவுச்சின்னம் எல்லாம் தனித்தனித் தலைப்பில் இருந்தது. "உறுப்பினர் உதவி" என்ற தலைப்பில் அந்த வருடம் பூஜ்யம்.

அதனால்தான் மல்லிக்குச் சொல்கிறேன், பதவிகள் இல்லாமல் ஆரம்பியுங்கள் என்று. இரண்டு ஒருங்கிணைப்பாளர்கள் போதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

---

மட்டுறுத்துநர்

சத்துமாவு விற்பனைப் பதிவு ஒன்று நீக்கப்பட்டது. இழையைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

---

குளுகோர்க்காரி

நாங்கள் பினாங்கில் சின்னதாக ஒன்று நடத்துகிறோம். பெயர்கூட இல்லை. நடைமுறையைச் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கூகிளில் ஒரு தாள். ஆளுக்கு ஒரு வரி: பெயர், ஊர், துறை, எதில் உதவ முடியும், எந்த நேரம் வசதி. "எதில் உதவ முடியும்" என்ற இடத்தில் "எல்லாவற்றிலும்" என்று யாராவது எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவோம். "எல்லாம்" என்றால் எதுவும் இல்லை என்று அர்த்தம். நாங்கள் எதிர்பார்ப்பது இந்த மாதிரி: "மருந்தகப் பயிற்சி விண்ணப்பக் கடிதத்தைத் திருத்திக் கொடுப்பேன்." "ஆறாம் படிவப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்ப உதவுவேன்." "சுங்கை டுவாவில் இருக்கிறேன், பட்டர்வொர்த் பக்கம் அறை தேடினால் போய்ப் பார்த்துச் சொல்வேன்." இந்தக் கடைசி வரியை எழுதியவருக்குத்தான் அழைப்பு அதிகம். டீச்சர் சொன்ன கோத்தா பாரு அக்காவேதான்.

கேட்கிறவர்களுக்கும் ஒரு முறை வைத்திருக்கிறோம். அரை மணி நேரம், ஒரே கேள்வி. "அக்கா, எனக்கு வழிகாட்டுங்கள்" என்றால் எந்த அக்காவுக்கும் என்ன செய்வதென்று தெரியாது. பயந்து, பதில் போடாமல் விட்டுவிடுவார். "அக்கா, இந்த இரண்டு வேலையில் எதை எடுப்பது என்று தெரியவில்லை, இரண்டு கடிதமும் இருக்கிறது, வியாழன் இரவு பேசலாமா?" என்றால் அவர் அன்றைக்கே கூப்பிடுவார். குழுவில் பொதுவாகப் போடாமல் ஒருங்கிணைப்பாளர் ஒரே ஆளைக் குறிவைத்துக் கேட்பார். மல்லி, உங்கள் கணக்கியல் தங்கச்சிக்கு நடந்தது அதுதான். முன்னூறு பேரிடம் கேட்டாள், அதனால் யாரிடமும் கேட்கவில்லை.

நேரில் சந்திப்பது ஞாயிற்றுக்கிழமை காலை 9க்கு, மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை). பிள்ளைகள் டியூஷன், தேவார வகுப்பு என்று போயிருக்கும் நேரம். 10.30க்கு எல்லாரும் எழுந்துவிடுவோம், சமைக்க வேண்டும். மாலைச் சந்திப்பு என்று வைத்துப் பார்த்தோம், கல்யாணம் ஆகாதவர்கள் மட்டும்தான் வந்தார்கள்.

---

பங்சார் வக்கீலம்மா

தாள் நல்ல யோசனை. ஒரு எச்சரிக்கை. அதில் தொலைபேசி எண்ணைப் போட்டு எல்லாரும் பார்க்கும்படி விடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் உறுப்பினர் பட்டியலை யாரோ எடுத்து நேரடி விற்பனை ஆளுக்குக் கொடுத்துவிட்டார். ஒரே வாரத்தில் பாதிப் பெண்கள் வெளியேறிவிட்டார்கள், அதில் உதவி செய்யக்கூடிய சீனியர்கள்தான் அதிகம்.

2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்குத்தான் பொருந்தும், மாமாக் கடைக் குழுவைப் பிடிக்காது என்று வாதாடலாம். ஆனாலும் அதன் முறை நல்ல முறை. எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள், தேவைக்கு மேல் கேட்காதீர்கள், விலகினால் அழித்துவிடுங்கள். எண்கள் ஒருங்கிணைப்பாளரிடம் மட்டும் இருக்கட்டும். "இன்னார் கேட்கிறார், கொடுக்கலாமா?" என்று கேட்டு, சரி என்ற பிறகு கொடுக்கட்டும். குறிப்பாக விவாகரத்து, வீட்டில் அடிதடி என்று வரும் பெண்களின் முகவரி எக்காரணத்தைக் கொண்டும் தாளில் இருக்கக்கூடாது. கணவரின் தங்கச்சியும் அதே பல்கலைக்கழகத்தில் படித்திருக்கலாம். நம் ஆள்கள் ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்.

---

புதுப் பட்டதாரி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் தோட்டத்தில் வளர்ந்தவள், குடும்பத்தில் முதல் பட்டதாரி. பி.டி.பி.டி.என் கல்விக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. இப்போது கே.எல்.-இல் வேறு ஒரு கம்பெனியில் இருந்து வேலைக் கடிதம் வந்திருக்கிறது, மொத்தம் 4,200 என்கிறார்கள். கூடவா குறைவா என்று கேட்க எனக்கு ஆளே இல்லை. அப்பாவிடம் சொன்னால் "நாலாயிரமா!" என்று தெரு முழுக்கச் சொல்லிவிடுவார். அக்காமார்களிடம் சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் தப்பாக நினைப்பார்களா? "உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்கிற மாதிரி ஆகிவிடாதா?

---

குளுகோர்க்காரி

தங்கச்சி, "உங்களுக்கு எவ்வளவு" என்று கேட்டால்தான் சங்கடம். "இந்த வேலைக்கு, இரண்டு வருட அனுபவத்துக்கு, கே.எல்.-இல் எதிலிருந்து எதுவரை கொடுக்கிறார்கள்?" என்று கேள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், மனிதவளத்தில் இருப்பவர்கள் மடமடவென்று சொல்லிவிடுவார்கள். பையன்கள் இதை ஃபுட்சால் விளையாடி முடித்துத் தண்ணீர் குடிக்கும்போதே பேசிவிடுகிறார்கள், நாம்தான் பேசுவதில்லை.

உன் கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது 4,200 இல்லை, அதற்குள் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பது. 2,800 அடிப்படை, மிச்சம் பயணப்படி, அந்தப்படி, இந்தப்படி என்று பிரித்திருந்தால் கவனி. ஊழியர் சேமநிதிக்கு உன் பங்கு 11 விழுக்காடு, சம்பளம் 5,000 வரைக்கும் முதலாளி பங்கு 13. பயணப்படிக்குச் சேமநிதி கிடையாது. அப்படியானால் ஒவ்வொரு மாதமும் உன் பெயரில் சேர வேண்டிய பணம் சத்தமில்லாமல் குறையும். போனஸும் பெரும்பாலும் அடிப்படையை வைத்துத்தான். மாதம் 4,000 வரை சம்பளம் உள்ளவர்களுக்கு மேலதிக நேரச் சம்பளம் சட்டப்படி உரிமை, உன் சம்பளம் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றும் பார்க்க வேண்டும். கடிதத்தில் நோட்டீஸ் காலம் எத்தனை மாதம் என்று போட்டிருக்கிறது?

---

புதுப் பட்டதாரி

மூன்று மாதம் அக்கா. புரொபேஷனிலும் மூன்று மாதம் என்று இருக்கிறது.

---

பி.ஜே. கணக்குப்பிள்ளை

புரொபேஷனில் மூன்று மாத நோட்டீஸா? அதைப் பேசிக் குறைக்கப் பார். கேட்டால் வேலையை எடுத்துவிடுவார்கள் என்று பயப்படாதே, கடிதம் கொடுத்த பிறகு ஒரு கேள்வி கேட்டதற்காக யாரும் எடுப்பதில்லை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே காலம்தானா, அவர்களுக்கு மட்டும் இரண்டு வாரமா என்பதையும் பார்த்துக்கொள்.

---

பழைய மாணவி

மகளே, அப்பா தெருவெல்லாம் சொல்லட்டும். அவருக்கு அந்தச் சந்தோஷம் வேண்டும்.

---

ஈப்போ ரோஜா

ஓர் உபகாரச் சம்பள நிதி ஆரம்பித்தால் என்ன? ஆளுக்கு மாதம் 20 வெள்ளி போட்டால்கூட பல்கலைக்கழகம் போகும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உதவலாமே.

---

பி.ஜே. கணக்குப்பிள்ளை

மனசு நல்லது, ஆனால் இப்போதே வேண்டாம். பொது நிதி என்றாலே பதிவு, வங்கிக் கணக்கு, தணிக்கை. நன்கொடையாளர்களுக்கு வரிக்கழிவு ரசீது கொடுக்க வேண்டுமென்றால் வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் கீழ்த் தனி அனுமதி வேறு. அவசரத்துக்கு உதவ வேறு வழி இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு விடுதி முன்பணம் தேவை என்றால் விருப்பமுள்ளவர் நேராக விடுதிக்கே கட்டிவிடட்டும். பணம் யார் கையிலும் நிற்காது, யாரும் யாரையும் சந்தேகப்படவும் வேண்டியதில்லை.

---

செந்தூல் மல்லி

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு நாங்கள் பேசி முடிவெடுத்தது இதுதான். இப்போதைக்குப் பதிவு இல்லை, சந்தா இல்லை, பெயர்கூட இல்லை. பழைய குழு அப்படியே இருக்கட்டும், அம்மன் படம் போடுகிறவர்கள் போடட்டும், அவர்களை விரட்டினால் பெரிய சண்டை. தாள் மட்டும் தனியாக. விருப்பமுள்ளவர்களிடம் படிவம் கொடுத்துச் சம்மதம் வாங்கிச் சேர்க்கிறோம், எண்கள் என்னிடமும் இன்னொருவரிடமும் மட்டும். கணக்காய்வில் இருக்கும் அக்காக்களில் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு அந்தத் தங்கச்சி விஷயத்தைச் சொன்னேன். "எனக்கு நேரடியாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே பார்த்திருப்பேனே" என்றார். ரெஸ்யூம் வாங்கிக்கொண்டார். வேலை கிடைக்குமா என்று தெரியவில்லை, இருவரும் பேசிவிட்டார்கள்.

ஒரு விஷயத்தில் இன்னும் முடிவு இல்லை: வேறு பல்கலைக்கழகத்தில் படித்த பெண்களைச் சேர்ப்பதா? என்னைக் கேட்டால் சேர்க்கலாம். எங்களில் சிலர் "அப்புறம் நம் பல்கலைக்கழகம் என்ற உரிமை எங்கே" என்கிறார்கள்.

---

பாயான் லெப்பாஸ் பொறியாளர்

அதை அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். ஒரே விடுதியில் தங்கினோம், ஒரே கேண்டீனில் சாப்பிட்டோம் என்ற ஒட்டுதலால்தான் முன்பின் தெரியாதவருக்கு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குகிறார்கள். அதைக் கரைத்துவிட வேண்டாம். முதலில் உங்கள் ஆள்களோடு தாளை ஓட்டுங்கள், எங்கள் பினாங்குத் தாளோடு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். உங்களிடம் சட்டம் படித்தவர்கள் அதிகம், எங்களிடம் பொறியாளர்கள்.

---

குளுகோர்க்காரி

@புதுப் பட்டதாரி, அந்தக் கடிதத்தை முழுசாகப் பார்க்காமல் மேலே சொல்ல முடியாது. சனிக்கிழமை காலை 10க்கு வசதியா?

---

புதுப் பட்டதாரி

வசதிதான் அக்கா. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். ஜூமா, புலனமா?

---

குளுகோர்க்காரி

புலனம் போதும். கடிதத்தை வெள்ளி இரவே படம் எடுத்து அனுப்பு, அடையாள அட்டை எண்ணையும் முகவரியையும் மறைத்துவிட்டு. இப்போது வாங்கும் சம்பளச் சீட்டும் ஒன்று வேண்டும், சேமநிதிப் பிடித்தம் தெரிகிற மாதிரி.